முதல் அனிமேஷன் குறும்படத்தை அன்னெசி விழாவுக்கு அனுப்புவது எப்படி: ஆவணங்கள், செலவு, காலக்கணக்கு

ஒன்பது நிமிடம் ஓடும் என் முதல் அனிமேஷன் குறும்படத்தை வரைந்து முடிக்க இரண்டரை ஆண்டுகள் ஆயின. அதைச் சர்வதேச விழாக்களுக்கு முறையாக அனுப்பக் கற்றுக்கொள்ள மேலும் ஓராண்டு போயிற்று. அந்த ஓராண்டில் நான் செய்த பிழைகளில் ஒன்றுகூட ஓவியம் சார்ந்ததன்று. தேதி, கோப்பு, ஒப்பந்தத் தாள், கடவுச்சொல் ஆகியவற்றில்தான் வழுக்கி விழுந்தேன். பிரான்சின் அன்னெசி நகரில் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதம் நடைபெறும் சர்வதேச அனிமேஷன் திரைப்பட விழாவை மையமாக வைத்து இதை எழுதுகிறேன். அதற்குச் சரியாகத் தயாராகிவிட்டால் சாக்ரெப், ஒட்டாவா, ஸ்டுட்கார்ட் போன்ற மற்ற அனிமேஷன் விழாக்களுக்கும் ஏறத்தாழ அதே கோப்புகளும் தாள்களும் போதும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் படம் அன்னெசியில் தேர்வாகவில்லை. வேறு இரண்டு விழாக்களில் திரையிடப்பட்டது. அன்னெசிக்குப் பதிவு செய்துகொண்ட பார்வையாளனாகத்தான் போய்வந்தேன். ஆகவே இங்கே பரிசு வாங்கும் இரகசியம் எதுவும் இல்லை. படம் தாள் வேலையில் தோற்றுவிடாமல் காக்கும் வழி மட்டுமே இருக்கிறது.

1. எந்தப் பிரிவு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

அன்னெசியின் தலையாய விருதுக்குக் கிரிஸ்டல் என்று பெயர். அது ஒரே ஒரு விருது என்று நான் நெடுநாள் எண்ணிக்கொண்டிருந்தேன். உண்மையில் குறும்படம், முழுநீளப் படம், தொலைக்காட்சிப் படைப்பு, விளம்பரம் போலப் பிறர் கேட்டுச் செய்துகொடுக்கும் படம், பட்டப்படிப்பின் இறுதிப் படம், மெய்நிகர் படைப்பு என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கிரிஸ்டல் உண்டு. இவை தவிர நடுவர் குழு விருது, பார்வையாளர் விருது, முதல் பட இயக்குநருக்கென விழாவின் முன்னாள் இயக்குநர் ஜான்-லுக் சிபராஸ் பெயரால் வழங்கப்படும் விருது ஆகியவையும் இருக்கின்றன. குறும்படங்களுக்குள்ளேயே முதன்மைப் போட்டி, சோதனை முயற்சிகளுக்கான "ஆஃப்-லிமிட்ஸ்", "பெர்ஸ்பெக்டிவ்ஸ்", சிறார் படங்கள் எனப் பிரிவுகள் பிரிகின்றன. முழுநீளப் படங்களில் முதன்மைப் போட்டியுடன், துணிச்சலான படங்களுக்கான "கோன்ட்ரஷாம்" என்னும் இரண்டாம் போட்டி 2019 முதல் நடக்கிறது.

இவற்றுள் எதில் படம் போட்டியிடும் என்பதைத் தேர்வுக் குழுதான் பெரும்பாலும் தீர்மானிக்கும். ஆனால் விண்ணப்பத்தில் நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டிய அடிப்படை வகையைத் தவறாகக் குறித்தால் அதைத் திருத்த யாரும் உங்களைத் தேடி வரமாட்டார்கள். இங்கே அடிக்கடி இடறுபவர்கள் மாணவர்கள். கல்லூரியில் படிக்கும்போது இறுதித் திட்டமாகச் செய்த படம் பட்டப்படிப்புப் படங்களின் வகையில்தான் சேரும். அதற்குக் கல்லூரியின் பெயரும், பல இடங்களில் கல்லூரியின் ஒப்புதல் கடிதமும் கேட்பார்கள். படத்தின் உரிமை உங்களிடம் இருக்கிறதா, கல்லூரியிடம் இருக்கிறதா என்பதைச் சேர்க்கைப் படிவத்தின் பின்பக்கத்தில் படித்துப் பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் தாமே தயாரிப்பாளர் என்று எழுதி அனுப்பிவிட்டு, தேர்வு அறிவிப்பு வந்த பிறகு தம் கல்லூரியோடு இரண்டு வாரம் மல்லுக்கட்டினார்.

2. காலக்கணக்கை ஜூனிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள்

விழா ஜூனில் நடந்தாலும் குறும்படங்களுக்கான விண்ணப்பக் கதவு குளிர்காலத்திலேயே அடைபட்டுவிடும். முழுநீளப் படங்களுக்குச் சற்றுக் கூடுதல் அவகாசம் உண்டு. தேர்வுப் பட்டியல் வசந்தத்தில் வெளியாகும். ஆண்டுதோறும் நாள்கள் சற்று நகர்வதால், அந்தந்த ஆண்டின் விதிமுறைத் தாளைத் திறந்து இறுதி நாளை மட்டுமல்லாமல் அதன் நேரத்தையும் பிரெஞ்சு நேரப்படி குறித்துக்கொள்ளுங்கள்.

இதைவிட ஆபத்தான தேதி ஒன்று இருக்கிறது: படம் நிறைவுற்ற நாள். பெரும்பாலான விழாக்கள் "இன்ன தேதிக்குப் பிறகு முடிக்கப்பட்ட படமாக இருக்க வேண்டும்" என்று ஒரு வரம்பு வைத்திருக்கும். நான் படத்தின் இறுதி அட்டையில் ஆர்வக்கோளாறால் ஆண்டைப் பொறித்துவிட்டு, அதன் பிறகும் எட்டு மாதம் ஒலிச்சேர்க்கை செய்துகொண்டிருந்தேன். விண்ணப்பத்தில் ஓர் ஆண்டு, திரையில் வேறோர் ஆண்டு. ஒரு விழாவிலிருந்து விளக்கம் கேட்டு மின்னஞ்சல் வந்தது. ஒலிக்கலவை முடிந்து கடைசிக் கோப்பு வெளியான நாளையே நிறைவு நாளாகக் கொள்ளுங்கள். இறுதி அட்டையில் ஆண்டைக் கடைசியில் போடுங்கள்.

அரைகுறைப் படத்தை அவசரமாக அனுப்புவதும் கூடாது. சில விழாக்கள் முடிவுறாத பிரதியை ஏற்றுக்கொள்ளும் என்றாலும், ஒருமுறை பார்த்து நிராகரித்த படத்தை மறு ஆண்டு ஏற்காத விழாக்கள் பல. ஒரே ஒரு வாய்ப்பைப் பென்சில் கோட்டுப் பிரதிக்குச் செலவழிப்பதைவிட ஓராண்டு காத்திருப்பது மேல் என்பது என் கருத்து.

மற்ற விழாக்களையும் இதே நாட்காட்டியில் எழுதிவையுங்கள். சாக்ரெப் விழாவும் ஜூனில்தான் வரும், ஒட்டாவா செப்டம்பரில். உலக அளவில் முதல் திரையிடல் தங்கள் அரங்கில்தான் நடக்க வேண்டும் என்று கேட்கும் விழா எது, கேட்காத விழா எது என்பதை ஒரு தாளில் பிரித்து எழுதிவிட்டால், சிறிய விழா ஒன்றுக்கு அவசரப்பட்டுக் கொடுத்துப் பெரிய விழாவின் கதவைச் சாத்திக்கொள்ளும் நிலை வராது. படத்தை இணையத்தில் பொதுவில் ஏற்றுவதை விழாச் சுற்று முழுதும் முடியும்வரை தள்ளிப்போடுங்கள்.

3. உரிமைத் தாள்கள்

விண்ணப்பத்தின் கடைசியில் "படத்தின் எல்லா உரிமைகளும் என்னிடம் உள்ளன" என்னும் பெட்டியில் ஒரு குறி இடச் சொல்வார்கள். கை தானாகவே குறி இட்டுவிடும்; ஆனால் அந்தக் குறிக்குப் பின்னால் தாள்கள் இருக்க வேண்டும். இசைக்கு இரண்டு உரிமைகள் தனித்தனியாகத் தேவை: பாடலின் இயற்றத்தைப் படத்தோடு இணைக்கும் உரிமை ஒன்று, அந்தக் குறிப்பிட்ட ஒலிப்பதிவைப் பயன்படுத்தும் உரிமை மற்றொன்று. இசையமைத்தவர் நண்பராகவே இருந்தாலும் இரண்டையும் ஒரே தாளில் எழுதிக் கையொப்பம் வாங்கிவிடுங்கள். "விழாக்களுக்கு மட்டும்" என்று குறைந்த விலையில் கிடைக்கும் இசை உரிமம் கவர்ச்சியானது. படத்தை ஒரு தொலைக்காட்சி வாங்க முன்வரும் நாளில் அதே உரிமத்துக்குப் பல மடங்கு கேட்பார்கள். அந்தத் தொகை எவ்வளவு என்பதை இப்போதே எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

குரல் கொடுத்தவர், பின்னணி ஓவியம் வரைந்தவர், இடையில் விலகிப்போன அனிமேட்டர் ஆகிய எல்லோரிடமும் ஒரு பக்க ஒப்பந்தம் போதும். தலைப்பில் பயன்படுத்திய எழுத்துருவுக்கும் உரிமம் உண்டு என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. இலவசமாக இறக்கிய எழுத்துரு "தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும்" என்றிருந்ததால் தலைப்பு அட்டையை மறுபடி செய்ய நேர்ந்தது.

4. விண்ணப்பமும் திரையிடல் இணைப்பும்

அன்னெசிக்கு விழாவின் சொந்த இணையதளத்தில்தான் பதிவு செய்ய வேண்டும். படத்தைச் சமர்ப்பிக்கக் கட்டணம் கிடையாது. நிரப்பத் தொடங்கும் முன்பே இவற்றை ஒரே கோப்புறையில் தயாராக வையுங்கள்: ஒரு வரி, மூன்று வரி, ஒரு பத்தி என மூன்று அளவில் கதைச்சுருக்கம்; இயக்குநரின் சிறு குறிப்பும் ஒளிப்படமும்; அச்சுத் தரத்தில் மூன்று முதல் ஐந்து காட்சிப் படங்கள்; நேரக்குறியுடன் கூடிய முழு வசனத் தாள்; பங்களித்தோர் பட்டியல்; பயன்படுத்திய நுட்பம், அதாவது கணினி வரைவா, தாள் ஓவியமா, களிமண் பொம்மையா என்னும் விவரம். காட்சிப் படங்களில் எழுத்தோ துணைவசனமோ விழுந்திருக்கக் கூடாது. தேர்வானால் விழா அட்டவணையில் உங்கள் படத்தின் முகமாக நிற்கப்போவது அந்த ஒற்றைப் படம்தான். அதை எடுக்க அரை நாள் செலவழித்தாலும் தகும்.

படத்தைப் பார்க்கக் கொடுக்கும் இணைப்பில் கடவுச்சொல் வைத்து, அதைத் தேர்வு அறிவிப்பு வரும்வரை மாற்றாமல் இருங்கள். நான் இரண்டு மாதம் கழித்து, ஏதோ பாதுகாப்பு என்றெண்ணி, எல்லாக் கணக்குகளின் கடவுச்சொற்களையும் ஒரே மாலையில் மாற்றினேன். அந்த இணைப்பு அனுப்பப்பட்டிருந்த விழாக்கள் ஏழு. எத்தனை பேர் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிப் போனார்களோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. சந்தா காலாவதியாகி இணைப்பு செயலிழக்கும் நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

5. துணைவசனமும் திரையரங்கப் பிரதியும்

இந்தப் படியைத்தான் எல்லோரும் கடைசிக்குத் தள்ளுகிறார்கள், நானும் தள்ளினேன்.

வசனம் எந்த மொழியில் இருந்தாலும் ஆங்கிலத் துணைவசனம் கட்டாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்னெசிக்கு ஆங்கிலம் அல்லது பிரெஞ்சு. ஒரு முறைக்கு இரண்டு வரிகளுக்கு மேல் போகாமலும், ஒரு வரி சுமார் 40 எழுத்துகளைத் தாண்டாமலும் இருந்தால் கண் படத்திலேயே நிற்கும். மொழிபெயர்ப்பைத் தாய்மொழி போல் ஆங்கிலம் அறிந்த ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்தால் செலவு குறைவு, பலன் பெரிது.

தேர்வானதும் விழா கேட்பது டிசிபி எனப்படும் திரையரங்கப் பிரதியை. டிசிபி என்பது ஒற்றைக் கோப்பன்று. படம், ஒலி, துணைவசனம் ஆகியவை தனித்தனிக் கோப்புகளாக இருக்கும் ஒரு கோப்புறை. அதில் ஒரு கோப்பின் பெயரை மாற்றினாலும் புரொஜெக்டர் அதை ஏற்காது. டிசிபி-ஓ-மேட்டிக் என்னும் இலவச மென்பொருளிலேயே இதைச் செய்துகொள்ளலாம் என்பதால் குறும்படத்துக்குப் பணம் கொடுத்துச் செய்விக்க வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. அப்படி மிஞ்சும் பணத்தில் ஏதேனும் ஒரு திரையரங்கை ஒரு மணி நேரம் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பாருங்கள்.

மூன்று இடங்களில் கவனம் வேண்டும். முதலாவது, நொடிக்கு எத்தனை சட்டகம் (ஃபிரேம்) என்பது. எந்தத் திரையரங்கிலும் தகராறின்றி ஓடுவது 24. என் படம் 25 சட்டகத்தில் வரையப்பட்டது. 24-க்கு மாற்றியபோது 540 நொடிப் படம் 562 நொடிக்கு நீண்டது. ஒலியையும் அதே விகிதத்தில் நீட்டினேன். துணைவசனக் கோப்பை நீட்ட மறந்துபோனேன். முதல் நிமிடத்தில் யாருக்கும் வேறுபாடு தெரியவில்லை. ஐந்தாம் நிமிடத்தில் பாட்டி வாய் திறப்பதற்கு முன்பே அவள் சொல்லப்போவது திரையில் வந்து போயிற்று. கடைசிக் காட்சியில், பேரன் இன்னும் கதவருகே வராதபோதே "போய் வருகிறேன்" என்னும் வரி இருபத்திரண்டு நொடி முன்னதாக ஒளிர்ந்து மறைந்தது. அரங்கில் சிலர் சிரித்தார்கள். அந்த விழாவின் மேல் எந்தக் குற்றமும் இல்லை. முழுவதும் என் கவனக்குறைவு. முடிந்தால் முதல் நாளிலிருந்தே 24 சட்டகத்தில் வரையுங்கள்.

இரண்டாவது, சட்டக அளவு. கணினித் திரைக்கான 1920×1080 அளவுப் படத்தைத் திரையரங்கின் 1998×1080 அளவுக்குள் வைக்கும்போது இரு பக்கமும் 39 புள்ளிகள் (பிக்சல்) கறுப்பாக நிற்கும். அது பிழையன்று. அதை நிரப்பப் படத்தைப் பெரிதாக்கினால் மேலும் கீழும் வெட்டுப்பட்டுக் கதாபாத்திரத்தின் நெற்றி போய்விடும்.

மூன்றாவது, ஒலி. காதில் ஒலிக்கருவி மாட்டிக்கொண்டு இரு தடத்தில் கலந்த வசனம், அரங்கில் இடது ஓரம் அமர்ந்தவருக்கு இடப்பக்கச் சுவரிலிருந்து பேசுவதுபோல் கேட்கும். வசனத்தை நடு ஒலிபெருக்கிக்குத் தனித் தடமாகப் பிரித்துக் கலந்தால், எங்கே அமர்ந்தாலும் குரல் திரையிலிருந்தே வரும். ஒலிப் பொறியாளரிடம் "திரையரங்குக்கான 5.1 கலவை" என்று தொடக்கத்திலேயே சொல்லி விலை பேசுங்கள், முடிந்த கலவையைப் பிறகு பிரிக்கச் சொன்னால் இரட்டைக் கூலி ஆகும்.

பிரதிக்குச் சங்கேதப் பூட்டுப் போடாதீர்கள். குறும்படத்தைத் திருடுவதற்கு வரிசையில் யாரும் நிற்பதில்லை. ஆனால் அந்தப் பூட்டைத் திறக்கும் கோப்பு குறித்த நேரத்துக்கு வராததால் திரையிடல் நின்றுபோவதுண்டு.

6. கட்டணம் எங்கே கொடுக்கலாம்

பொது விண்ணப்பத் தளங்களான ஃபிலிம்ஃப்ரீவே, ஃபெஸ்ட்ஹோம் போன்றவற்றில் கணக்குத் தொடங்குவது எளிது. பணம் கரைவது அதைவிட எளிது. அங்கே ஒரே விழாவுக்கு முன்கூட்டிய, வழக்கமான, தாமத விண்ணப்பம் எனக் கட்டணம் படிப்படியாக ஏறும். முதல் கட்டத்திலேயே அனுப்புங்கள். விலக்கு வேண்டுமென்று ஒரு கண்ணியமான மின்னஞ்சல் எழுதிக் கேட்பதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை.

மாதந்தோறும் "விழா" நடத்தி, நூற்றுக்கணக்கான பிரிவுகளில் எல்லோருக்கும், சுவரொட்டியில் ஒட்டிக்கொள்ளும் இலைமாலைச் சின்னம் வழங்கும் அமைப்புகளிடம் எச்சரிக்கையாக இருங்கள். சென்ற ஆண்டு எந்த அரங்கில், எந்தத் தேதியில் படங்களைத் திரையிட்டார்கள் என்று தேடுங்கள். அரங்கின் பெயர் கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள். பரிசுக் கோப்பைக்கு நீங்களே பணம் கட்ட வேண்டும் என்றால் சொல்லவே வேண்டாம். நான் இப்படி மூன்று சின்னங்களை வாங்கிச் சுவரொட்டியில் ஒட்டினேன். பிறகு அவற்றை அகற்றிய சுவரொட்டிதான் பார்க்க நன்றாக இருந்தது.

7. விசா

பிரான்ஸ் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா தேவைப்படும் நாட்டவராக இருந்தால், அழைப்புக் கடிதமோ பங்கேற்புப் பதிவின் உறுதிக் கடிதமோ கிடைத்த அன்றே வேலையைத் தொடங்குங்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம்; பதினைந்து நாள்களுக்குக் குறைவாக இருந்தால் ஏற்கமாட்டார்கள். முடிவு சொல்ல வழக்கமாக 15 நாள்கள் எடுத்துக்கொள்வார்கள், அது 45 நாள்வரை நீளலாம். ஏப்ரலில் தேர்வு தெரிந்து ஜூனில் பயணம் என்றால் கையில் இருப்பது மிகக் குறுகிய இடைவெளி. விண்ணப்ப மையத்தில் நேரம் கிடைப்பதே கோடையில் கடினம்.

பெரியவர்களுக்கான கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மறுக்கப்பட்டால் பணம் திரும்ப வராது. கடவுச்சீட்டு பத்தாண்டுக்குள் வழங்கப்பட்டதாகவும், திரும்பும் நாளுக்குப் பிறகு குறைந்தது மூன்று மாதம் செல்லுபடியாகக்கூடியதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்கள் உள்ளதாகவும் இருக்க வேண்டும். குறைந்தது 30,000 யூரோ மதிப்பிலான பயண மருத்துவக் காப்பீடு கட்டாயம். தங்குமிடச் சான்று, வங்கிக் கணக்கு அறிக்கை, வேலை அல்லது தொழில் பற்றிய கடிதம், போக வரப் பயணத் திட்டம் ஆகியவற்றோடு, நீங்கள் செய்த படத்தின் ஒரு பக்கக் குறிப்பையும் வையுங்கள்.

இங்கே ஒரு பொறி உண்டு. அன்னெசிக்கு அருகிலுள்ள பெரிய விமான நிலையம் சுவிட்சர்லாந்தின் ஜெனீவா. விமானம் அங்கே இறங்குகிறதே என்று சுவிஸ் விசாவுக்கு விண்ணப்பித்துவிடாதீர்கள். நீங்கள் அதிக நாள் தங்கப்போகும் நாடு பிரான்ஸ் என்பதால் விண்ணப்பமும் பிரான்சுக்கே போக வேண்டும். ஜெனீவாவிலிருந்து பேருந்தில் எல்லையைக் கடந்து அன்னெசியை அடையலாம். கைப்பேசியின் இணையத் திட்டம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு மட்டும் என்றிருந்தால் சுவிட்சர்லாந்தில் இறங்கிய நிமிடமே தனிக்கட்டணம் ஏறும். பேருந்து எல்லை தாண்டும்வரை அணைத்து வைத்திருங்கள்.

தங்குமிடந்தான் மிகப் பெரிய செலவு. ஏரிக்கரைச் சிறு நகரம் அது. விழா வாரத்தில் அறைகள் மாதக்கணக்கில் முன்பே நிரம்பிவிடும். தேர்வாகுமா என்று தெரியாத குளிர்காலத்திலேயே, இரத்து செய்தால் பணம் திரும்பும் அறையைப் பிடித்து வைப்பதே நடைமுறை. தேர்வான இயக்குநருக்கு விழா எத்தனை இரவு தங்குமிடம் தருகிறது, பயணச் செலவில் பங்கு தருகிறதா என்பதை அழைப்புக் கடிதத்தில் வரி வரியாகப் படியுங்கள்; குழுவினர் அனைவருக்கும் தருவார்கள் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம்.

8. அங்கே போன பிறகு

ஊர்ப் பெயரை அங்குள்ளவர்கள் ஏறத்தாழ "ஆன்சி" என்றே சொல்கிறார்கள். பயணச்சீட்டு முகப்பில் இது உதவும். கழுத்தட்டை இருந்தாலும் ஒவ்வொரு காட்சிக்கும் இருக்கை முன்பதிவு செய்ய வேண்டும். பெயர்பெற்ற படங்களுக்கு நிமிடங்களில் தீர்ந்துவிடும். இருக்கை கிடைக்காவிட்டாலும் முன்பதிவில்லாதோர் வரிசையில் நின்று பாருங்கள். மிஃபா என்னும் வணிகச் சந்தைக்கான அனுமதி விழா அனுமதியிலிருந்து வேறானது, விலையும் கூடுதல். அடுத்த படத்துக்குத் தயாரிப்பாளர் தேடுவதாக இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

விழாவின் முதன்மை அரங்கான பொன்லியூவில் படம் தொடங்கும் முன் பார்வையாளர்கள் காகித விமானங்களை மேடை நோக்கி விடுவார்கள். திரையில் முயல் தெரிந்தால் "லப்பாங்" என்று கூவுவார்கள். பிரெஞ்சில் அதற்கு முயல் என்றுதான் பொருள். உங்கள் படத்தில் சோகமான இடத்தில் முயல் இருந்தால் மனத்தைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள்.

9. விருது கிடைத்தால்

குறும்படக் கிரிஸ்டல் பெறும் படம், அமெரிக்க அகாதமியின் அனிமேஷன் குறும்பட விருதுக்கு (ஆஸ்கர்) விண்ணப்பிக்கும் தகுதி பெறுகிறது. தகுதி மட்டுந்தான், விண்ணப்பத்தை நீங்களே அனுப்ப வேண்டும். படம் பங்களித்தோர் பட்டியலையும் சேர்த்து 40 நிமிடத்துக்குள் இருக்க வேண்டும். தகுதி பெறுவதற்கு முன் இணையத்திலோ தொலைக்காட்சியிலோ பொதுவில் வெளியாகியிருக்கக் கூடாது. குறும்படங்களுக்கான ஆண்டுக் கணக்கு அக்டோபர் 1-இல் தொடங்கிச் செப்டம்பர் 30-இல் முடிவதால், ஜூனில் விருது பெற்றவருக்குக் கோடை மட்டுமே மிச்சம். விருதுச் சான்றையும் விழாவின் உறுதிக் கடிதத்தையும் ஊர் திரும்பும் முன்பே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்; ஆகஸ்டில் பிரான்சின் அலுவலகங்களில் பாதிப் பேர் விடுப்பில் இருப்பார்கள்.